எர்த் அடிக்குது

மாப்பைப் பக்கெட்டின் மேல் வைத்து முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தாள் அக்கா. மேடையிலிருந்து தம்பி கூப்பிட்டான்.

"அக்கா, வேலைய விடு. காதக் குடுத்துக் கேளு."

நிமிர்ந்து கேட்டாள்.

"ஒண்ணும் கேக்கலடா."

"அதான்! ஒண்ணுமே கேக்கல பாத்தியா?" மைக்கைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினான். "சனியன் செத்துப்போச்சு."

சனியன் என்று அவன் சொன்னது உறுமலை. ஹால் திறந்த நாளிலிருந்து அது இருந்தது. மைக் செட்டுக்குச் சுவிட்ச் போட்டதும் ஸ்பீக்கர் பெட்டிகளில் ம்ம்ம் என்று ஆரம்பிக்கும். பாட்டு ஓடும்போது அமுங்கிக் கிடக்கும். பாட்டு நின்றதும் மறுபடி தலை தூக்கும். மில்லுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் போல எல்லாரும் அதற்குப் பழகியிருந்தார்கள். இன்று அது இல்லாமல், கூரைத் தகரம் வெயிலில் முறுக்கிக்கொள்ளும் சத்தம்கூடக் கேட்டது. அக்காவுக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை. அழுதுகொண்டே இருந்த குழந்தை சட்டென்று நிறுத்தினால் பெற்றவள் பதறித் திரும்புவாளே, அப்படித் திரும்பி மேடையைப் பார்த்தாள்.

பகல் வெளிச்சத்தில் அந்த ஹாலைப் பார்க்கிறவர்கள், இதற்காகவா ராத்திரி வாசலில் இத்தனை கூட்டம் இடித்துக்கொண்டு நிற்கிறது என்பார்கள். ஒரு காலத்தில் லாரி டயர் கிடங்கு. ஜன்னல்களுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து, ஒரு மேடை கட்டி, கூட்டம் மேலே ஏறிவிடாமல் மேடை ஓரத்தில் இரும்புக் குழாய்களைத் தரைக்குள் புதைத்து அடைப்பு போட்டு, இங்கிலீஷ் பாட்டு என்று போர்டு மாட்டினார் முதலாளி. முதலில் நாலைந்து பேர் வந்தார்கள். அப்புறம் ஊரே வந்தது. துணிக்கடையில் நாளெல்லாம் நின்று கால் வீங்கின பெண்கள், ஆபீஸில் குனிந்த தலை நிமிராதவர்கள், பட்டறையிலிருந்து நகக்கண்ணில் கறுப்போடு வருகிற பையன்கள், எல்லாரும் தெரியாத பாஷையில் தெரியாத ஆள் பாடினதற்கு வாயசைத்தார்கள். தெருத் தையற்காரர் முதலில் கால்சட்டையின் கீழ்ப்பக்கத்தை அகலமாக்கினார்; அப்புறம் ஒட்டத் தைத்தார்; இப்போது முட்டியில் கிழித்துக் கொடுக்கிறார். தைக்கக் கற்றுக்கொண்டவன் கிழித்துச் சம்பாதிக்கிறேன் என்று அவரே சிரிப்பார். ஆடினவர்கள் விட்டுப்போனதை மறுநாள் அள்ளுவது அக்காவின் வேலை. ஹேர்பின், ஒற்றைக் கம்மல், செருப்பின் குதிகால், தரையில் ஒட்டிக் காய்ந்த குளிர்பானம்.

பாடுகிறவன் அவள் தம்பி. சந்தையில் மூட்டை தூக்கினவன். லாரி டிரைவர் ஒருவர் ஓயாமல் போட்ட கேசட்டைக் கேட்டுக் கேட்டு, அதே குரலில், அதே இழுப்பில் பாட ஆரம்பித்தான். இங்கிலீஷில் கையெழுத்துகூடப் போடத் தெரியாது. எல்லாப் பாட்டிலும் 'பேபி' என்று வந்ததால் சந்தையில் அவனுக்குப் பேர் பேபி. ஆறடி ஆள், மார்பெல்லாம் ரோமம், பேர் பேபி.

"அதுல என்னதான்டா சொல்றான்?" என்று ஒருநாள் கேட்டாள்.

"பேபின்னா பாப்பாக்கா. பாப்பாவக் காணோம்னு அழுவுறான்."

"எல்லாப் பாட்டுலயுமா?"

"வெள்ளைக்காரனுக்கு அத்தன புள்ளைங்க தொலைஞ்சுபோயிருக்கு. நாம என்ன பண்றது?"

அவளுக்கு இருந்தது அவன் ஒருத்தன்தான். அம்மா போனபோது இடுப்பில் இருந்தான். சித்தாள் வேலைக்குப் போன இடங்களில் மணல் குவியலில் உட்காரவைத்து வளர்த்தாள். கல்யாணம் ஆனபோது கூடவே கூட்டிக்கொண்டு வந்தாள். அவள் புருஷனுக்கு மைக் செட் தொழில். ஊரெல்லாம் அவரைச் செட்டுக்காரர் என்பார்கள். ஹால் திறந்ததும் முதலாளி அவரை வைத்துக்கொண்டார். அவர் பேபியைக் கொண்டுவந்து மேடையில் ஏற்றினார். பேபி அக்காவைக் கூட்டிப் பெருக்கும் வேலைக்குச் சேர்த்துவிட்டான். மூன்று பேர் சோறும் அந்த ஒரே கூரைக்குள்.

போன வாரம் காலையில் டீ குடிக்கும்போது பேபி கீழுதட்டைப் பிதுக்கிக் காட்டினான்.

"மைக்குல வாய வச்சா சுருக்குங்குது. எர்த் அடிக்குதுக்கா."

எல்லாரும் சொல்கிற சொல்தான். தண்ணி மோட்டாரைத் தொட்டுச் சுருக்கென்றாலும் எர்த் அடிக்குது. இஸ்திரிப் பெட்டியைத் தொட்டுச் சுருக்கென்றாலும் எர்த் அடிக்குது. கரண்ட் அடித்தால் ஆள் காலி. எர்த் அடித்தால் கையை உதறிவிட்டுச் சிரிக்கலாம். ஆனாலும் அவன் உதட்டில் சிவப்பாய் ஒரு புள்ளி இருந்தது.

"கேட்டீங்களா? அந்த எர்த்தக் கழட்டித் தூக்கிப் போடுங்க" என்றாள் புருஷனிடம்.

"அது கழட்டுற சாமான் இல்ல."

"பின்ன, என் தம்பி வாயக் கடிக்கிற சாமானா?"

பேபி சிரித்தான். "அக்கா தீர்ப்பு சொல்லிட்டா அப்பீலே கிடையாது மாமா."

செட்டுக்காரர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு எழுந்து சட்டை மாட்டப் போய்விட்டார். அவர் பேச்சே அப்படித்தான். பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார். மீதியை மற்றவர்கள் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

அவள் மட்டும் சொல்லியிருந்தால் கேட்டிருக்கமாட்டார். ஹால் மேனேஜரும் பிடுங்கிக்கொண்டிருந்தார். "ரெக்கார்டுல இந்த உறுமல் கேக்குதா? பக்கத்துத் தெருவுல புதுசா ஒருத்தன் ஹால் போட்டிருக்கான், அங்க கேக்குதா? வர்றவன் என்னப் புடிச்சுக் கேக்குறான், ஏன் சார் உள்ள எருமை கட்டியிருக்கீங்களான்னு."

"எர்த்த எடுத்தா போயிடும் சார். ஆனா..."

"போயிடும்ல? எடுங்க."

ஆனாவுக்கு அப்புறம் என்ன என்று மேனேஜர் கேட்கவில்லை. பக்கத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்த அவளும் கேட்கவில்லை.

இன்று காலையில்தான் எடுத்தார். செட்டின் பிளக்கைத் திறந்து, பச்சை எர்த் வயரை நறுக்கி, மறுபடி மூடினார். உறுமல் போயிற்று. உதட்டில் சுருக்கென்பதும் போயிற்று.

"செக்... செக்... மாமா, எப்பிடி?"

ஹாலின் கோடியில் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த செட்டுக்காரர் "ம்" என்றார்.

"அக்கா, உனக்கு?"

"எனக்கென்ன, கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு."

"அதுக்குப் பேரு எக்கோ. அதுக்குத்தான் டிக்கெட்டு."

அப்போது கரண்ட் போனது. கறுப்பு ஜன்னல்கள் என்பதால் பகலிலும் கும்மிருட்டு. திறந்திருந்த பின்கதவு மட்டும் வெள்ளைச் சதுரமாகத் தெரிந்தது. இருட்டுக்குள் பேபியின் குரல் மட்டும், மைக் இல்லாமல், சின்னதாக வந்தது.

"இன்னைக்கு ராத்திரி பாருக்கா. பாட்டு நிக்கிற இடத்துல ஊசி விழுந்தாக்கூடக் கேக்கும். அசந்துடுவானுங்க."

"நீ முதல்ல சாப்பிட்டியா?"

"பாடிட்டு வர்றேன்."

கரண்ட் வந்தது. பல்புகள் எல்லாம் கண் கூசும் வெள்ளையில் ஒரு நொடி எரிந்து, பிறகு வழக்கமான மஞ்சளுக்கு இறங்கின. பெட்டிகளுக்குள் எங்கோ டப் என்றது. ரப்பர் தீய்ந்த வாடை வந்தது. வெயில் ஏறினால் பழைய டயர் வாடை வருவது உண்டு. அதுதான் என்று நினைத்து அவள் மாப்பை எடுத்தாள்.

பேபி மேடை ஓரத்துக்கு வந்தான். அவனுக்கு ஒரு ஸ்டைல் உண்டு. இடது கையால் அடைப்புக் குழாயைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தின் மேல் சாய்வான். ஏதோ போஸ்டரில் பார்த்தது. அவன் அப்படிச் சாயும்போது பெண்கள் கத்துவார்கள். இப்போது காலி நாற்காலிகளைப் பார்த்துச் சாய்ந்தான். வலது கையால் கீழே வைத்திருந்த மைக்கை எடுத்தான்.

உடம்பு உதற ஆரம்பித்தது.

உதறுவதுதான் அந்த வருஷத்து ஆட்டம். காலிலிருந்து தலைவரை நடுங்கி, கழுத்தை வெட்டி வெட்டி ஆடுவது. அதற்காகவே பையன்கள் சனிக்கிழமைக்குக் காத்திருந்தார்கள். பேபி அதில் ராஜா. அவன் பற்களை இறுகக் கடித்துக்கொண்டு, கண் விரிய அவளைப் பார்த்துக்கொண்டு ஆடினான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "போதும்டா. ராத்திரிக்கு மிச்சம் வையி."

அவன் நிறுத்தவில்லை. பாட்டும் வரவில்லை. அவள் மாப்பின் மேல் கையை ஊன்றிக்கொண்டு இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், கோடியிலிருந்து நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு செட்டுக்காரர் கத்தினபடி ஓடும் வரைக்கும். "தொடாத! அவனத் தொடாத!" அவர் மேடைக்கு ஓடவில்லை, சுவரை நோக்கி ஓடினார். மெயின் சுவிட்சை இழுத்தார். மறுபடி இருட்டு. இருட்டில் பேபி விழுந்த சத்தம், மூட்டை இறக்கின சத்தம் போல, ஒரே தரம் கேட்டது.

பெட்டி ஏற்றும் வேனில், ஸ்பீக்கர்களுக்கு நடுவே கிடத்திக்கொண்டு போனார்கள். அவன் கால் வேனுக்குள் அடங்கவில்லை. அவள் அதை மடக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் மேனேஜர் அவர்களுக்கு முன்னால் வந்து நின்றிருந்தார். அவளை நடைபாதைச் சுவர் ஓரமாக அழைத்துப்போய், வாஞ்சையான குரலில் பேசினார்.

"பாரும்மா. ஷாக்னு ஒரு வார்த்த வந்துட்டா போலீஸ் வரும். போலீஸ் வந்தா யாரு வயரத் தொட்டதுன்னுதான் முதல்ல கேப்பான். முதலாளியக் கேக்கமாட்டான், என்னக் கேக்கமாட்டான். ஒருத்தர் போயாச்சு. இன்னொருத்தரையும் நீயே அனுப்பி வைக்கணுமா? யோசிச்சுக்க."

டாக்டர் சின்ன வயசு. இமையைப் பிரித்துப் பார்த்தார். கையைத் திருப்பினார். வலது உள்ளங்கையில், விரல்கள் மடங்குகிற இடத்தில், தோல் வெந்து பழுப்பாக ஒரு கோடு இருந்தது.

"இது என்ன?"

"மூட்ட தூக்குன கை டாக்டர்" என்றார் மேனேஜர். "காய்ப்பு."

அவன் மூட்டையை விட்டு வருஷங்கள் ஆயிற்று. காய்ப்பெல்லாம் உதிர்ந்து, கை பாட்டுக்காரன் கையாகிவிட்டது என்று அவனே காட்டிப் பெருமை பேசுவான். அவள் வாசலைப் பார்த்தாள். செட்டுக்காரர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி நின்றார்.

"நீங்க கூட இருந்தீங்களாம்மா? என்ன ஆச்சு?"

"பாடிட்டிருந்தான்" என்றாள். "விழுந்துட்டான்."

டாக்டர் மேலே கேட்கவில்லை. வெளியே இன்னும் பத்துப் பேர் காத்திருந்தார்கள். மாரடைப்பு என்று எழுதினார். அவள் தம்பியின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி அந்தக் கோட்டை மூடினாள். விரல்கள் இன்னும் வளைந்துகொடுத்தன.

அன்று சாயங்காலம் வீட்டில், கிடத்தி வைத்திருந்த பேபியின் தலைமாட்டில் அவளும் கால்மாட்டில் அவரும் உட்கார்ந்திருந்தார்கள். அக்கம்பக்கத்தார் வந்து அழுதுவிட்டுப் போயிருந்தார்கள். மாரடைப்பு என்ற சொல்லை ஆளுக்கொரு தரம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். இந்த வயசுலயா என்றார்கள். ராத்திரிப் பொழப்பு, இங்கிலீஷ் பாட்டு, உடம்பு தாங்குமா என்றார்கள்.

எல்லாரும் போன பிறகு அவள் கேட்டாள். "எர்த்துதான அவன அடிச்சுது?"

அவர் கால்மாட்டில் சுருண்டிருந்த பாயை நீவினார்.

"அதத்தான எடுத்தீங்க? எடுத்த அப்புறம் எது அடிச்சுது?"

"எர்த் அடிக்காது" என்றார். "அடிக்க வர்றத வாங்கி மண்ணுக்குள்ள இறக்கி விடுறதுதான் எர்த். நாமதான் பேர மாத்திச் சொல்லிட்டிருக்கோம்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு, கடப்பாரை காலில் விழுந்தால் ஒரு நொடி கழித்து வலி வருமே, அப்படிப் புரிந்தது.

"இது தெரிஞ்சா எடுத்தீங்க?"

"எல்லா ஹால்லயும் எடுக்குறானுங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகல."

"நான்தான எடுக்கச் சொன்னேன்."

"நீ தெரியாம சொன்ன" என்றார். அதன் மீதி அந்த அறையில் அப்படியே கிடந்தது. இரண்டு பேரும் அதைத் தொடவில்லை.

அதன் பிறகு அவள் அழவில்லை. பேபியின் கால்சட்டையில் ஒட்டியிருந்த ஸ்பீக்கர் பெட்டித் துகள்களைப் பொறுக்கிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் வெயில் ஏறுவதற்குள் எடுத்துக்கொண்டு போனார்கள். சந்தையிலிருந்து மூட்டைக்காரர்கள் வந்திருந்தார்கள். தூக்கும்போது வேறு யாரையும் தோள் கொடுக்க விடவில்லை. "எங்க பேபிடா, நாங்க தூக்கிக்குறோம்" என்றார் அவர்களில் மூத்தவர். "உயிரோட இருக்கும்போது ஒரு மூட்ட ஒழுங்கா தூக்கினதில்ல. பாட்டுப் பாடியே மத்தவன் தலையில ஏத்திவிடுவான்." சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இரண்டு பேர் அழுதார்கள்.

வாசலுக்கு வெளியே மேனேஜர் செட்டுக்காரரின் தோளில் கை போட்டு ஒதுக்கினார். ஜன்னலிலிருந்து அக்கா பார்த்தாள். சொற்களில் பாதி அவளுக்குக் கேட்டது.

"...பழைய செட்ட ஓரங்கட்டிட்டேன். புதுசு நாளைக்கு வந்துடும். சனிக்கிழமைய விட முடியாது, புரியுதில்ல? அதுவும் உறுமாம பாத்துக்குங்க."

செட்டுக்காரர் தலையசைத்தார். வழி கேட்டவனுக்குத் தலையசைப்பது போல, லேசாக. அவள் அதைப் பார்த்தாள்.

போனவர்கள் திரும்பி வந்து, கைகால் கழுவி, டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஹாலின் டிரம்ஸ்காரன் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தான். இருபது வயது இருக்கும். முடியைக் காதளவு வெட்டியிருந்தாள். முட்டியில் கிழித்த கால்சட்டையை விட்டுவிட்டு, பழைய சேலை ஒன்றை யாரிடமோ இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள் என்பது அவள் நடையிலேயே தெரிந்தது. வந்து அக்காவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"பக்கத்துத் தெரு ஹால்ல பாடுறவக்கா நான். பேபி அண்ணன் ஒரு தடவ வந்து கடைசில நின்னு கேட்டாரு. முடிஞ்சதும் வந்து, நல்லாத்தான் பாடுற, ஆனா அர்த்தம் புரிஞ்சு பாடுற பாத்தியா, அதான் கெட்டுப்போகுதுன்னாரு."

அக்காவின் வாய் ஓரம் அசைந்தது.

"நாளைலேர்ந்து அவரு இடத்துல என்னப் பாடச் சொல்லியிருக்காங்கக்கா. நாளைக்குச் சாயங்காலமே புது செட்ட செக் பண்ண வரணுமாம். உங்ககிட்டச் சொல்லாம போக மனசு வரல." குரலைத் தாழ்த்தினாள். "அங்க மைக் கடிக்கும்னு சொன்னாங்க. எனக்கு அதுன்னாலே உதறல்."

"அட, அதெல்லாம் பழைய கத" என்றான் டிரம்ஸ்காரன். அவனுக்கு ஒன்றும் தெரியாது. "நம்ம செட்டுக்கார அண்ணன் எர்த்தையே எடுத்துட்டாரு. புது செட்டுக்கும் எடுத்துடுவாரு. இனிமே கடிக்கவே கடிக்காது. என்னண்ணே?"

சுவர் ஓரம் உட்கார்ந்திருந்த செட்டுக்காரர் டம்ளருக்குள் பார்த்தார்.

அந்தப் பெண் அவரையே பார்த்தாள். மைக் பிடிக்கிற கை, மெல்லிய மணிக்கட்டு, மடியில் சேலை முனையைத் திருகிக்கொண்டிருந்தது. அக்கா அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"கேக்குதில்ல அந்தப் புள்ள. சொல்லுங்க."

"என்னத்த..."

"என்னத்தன்னு உங்களுக்குத் தெரியும். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

டீ குடித்துக்கொண்டிருந்த மூட்டைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். செட்டுக்காரர் டம்ளரைத் தரையில் வைத்தார். எழுந்துவிடுவார் என்று அவள் நினைத்தாள். அவர் எழவில்லை.

"எர்த்த எடுத்ததாலதான் அவன் செத்தான்" என்றார். "எடுத்தது நான்."

மூத்த மூட்டைக்காரர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, புரியாதவர் போல ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். அந்தப் பெண் சேலை முனையை விட்டுவிட்டாள்.

செட்டுக்காரர் எழுந்து உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். அக்கா வாசலில் நின்றாள்.

"ஸ்டேஷனுக்கா?"

"ம்."

"உள்ள வச்சிடுவாங்க."

"தெரியும்."

"நானும் வர்றேன். டாக்டர்கிட்டப் பொய் சொன்னது நான். அதச் சொல்லணும்."

"முகத்தக் கழுவிட்டு வா" என்றார்.

அவள் முகம் கழுவிவிட்டு வந்தபோது வந்திருந்தவர்கள் தெருவில் இறங்கியிருந்தார்கள்; அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். அங்கே இதையெல்லாம் வாங்கி வைத்துக்கொள்வார்கள், திரும்பிக் கிடைக்காது என்று கேள்விப்பட்டிருப்பார் போல. அவளிடம் நீட்டினார். தோல்பட்டை அவர் வேர்வையில் ஈரமாக இருந்தது. வைக்க இடம் தேடினாள். அலமாரியிலும் ஜன்னலிலும் வந்தவர்கள் குடித்துவிட்டு வைத்த டம்ளர்கள். தன் கையிலேயே கட்டிக்கொண்டாள். கடைசி ஓட்டையில் மாட்டியும் தொளதொளத்தது. கதவைச் சாத்தக் கையைத் தூக்கினபோது முழங்கைவரை இறங்கியது.